இலவச கோலனோஸ்கோபிக்கு 2,320 டாலர் பில் வந்தால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன வருஷம் பிப்ரவரியில், 46 வயதில், முதல் முறையாக கோலனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்துகொண்டேன். "ஸ்கிரீனிங்தானே, இன்சூரன்ஸ் முழுசா கட்டிடும்" என்று டாக்டர் ஆபீஸில் சொன்னார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து ஒவ்வொன்றாகக் கவர்கள் வர ஆரம்பித்தன. சோதனை நடந்த சென்டருக்கு 1,310 டாலர், டாக்டருக்கு 480, மயக்க மருந்து கொடுத்தவருக்கு 390, எடுத்த சதையைப் பரிசோதிக்கும் பேத்தாலஜி லேபுக்கு 140. மொத்தம் 2,320. என்னுடையது 3,000 டாலர் டிடக்டிபிள் உள்ள பிளான், அதாவது வருஷத்துக்கு அவ்வளவு நான் கையிலிருந்து கட்டிய பிறகுதான் இன்சூரன்ஸ் கட்டத் தொடங்கும், அதனால் எல்லாம் என் தலையில்.

கடைசியில் ஒரு டாலர்கூடக் கட்டவில்லை. ஆனால் அதற்கு ஜூலை வரை ஆனது, எத்தனை போன் என்று எண்ணுவதை ஏப்ரலிலேயே விட்டுவிட்டேன். பில்லில் தப்பாக இருந்தது பணம் இல்லை, கோடு (code), அதாவது என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று இன்சூரன்ஸுக்குச் சொல்லும் குறியீட்டு எண். சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் என் சித்தி பெண் இல்லையென்றால் இது எனக்குக் கடைசி வரை புரிந்திருக்காது. நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போடும் அதே கோடுகள்தான் இவை. அவளிடமிருந்து கற்றதையும் நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். வேலை வழியாக இன்சூரன்ஸ் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியது. மெடிகேர், அதாவது முக்கியமாக 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ், அதன் விதிகள் சில இடங்களில் வேறு.

1. இது எந்த வகை சோதனை என்று முதலில் தெளிவாகுங்கள்

ஒரே குழாய், ஒரே டாக்டர், அதே இருபது முப்பது நிமிஷம். ஆனால் இன்சூரன்ஸ் கண்ணுக்கு கோலனோஸ்கோபி மூன்று வகை.

எந்தத் தொந்தரவும் இல்லாமல், வயது வந்துவிட்டது என்பதற்காகச் செய்வது ஸ்கிரீனிங். 45 வயதிலிருந்து 75 வரை இது தடுப்பு மருத்துவம். அஃபோர்டபிள் கேர் ஆக்ட் சட்டப்படி இன்-நெட்வொர்க்கில், அதாவது உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள இடத்தில், செய்தால் டிடக்டிபிள், கோபே (ஒவ்வொரு முறையும் கட்டும் நிலையான தொகை) எதுவும் கிடையாது. 2021 மே மாதத்துக்கு முன்பு 50 வயது என்று இருந்தது, பழைய ஆட்கள் சிலர் இன்னமும் 50 என்றே சொல்வார்கள், நம்ப வேண்டாம். மிகப் பழைய சில பிளான்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. 'கிராண்ட்ஃபாதர்டு' பிளானா என்று எச்.ஆரிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், ரத்தசோகை என்று ஏதாவது காரணத்துக்காகச் செய்வது டயக்னாஸ்டிக். இதற்கு டிடக்டிபிள் உண்டு, அதில் வாதாட ஒன்றுமில்லை.

மூன்றாவது சர்வைலன்ஸ். முன்பு பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் வளரும் சின்னக் கட்டி, எடுத்தவர்கள் சில வருஷம் கழித்துத் திரும்பிப் போவது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தொந்தரவு இல்லையே, ஸ்கிரீனிங்தானே என்று போவார்கள், ஆனால் இசட் 86.010 என்று தொடங்கும் கோடு, அதாவது 'முன்பு பாலிப் இருந்தவர்', விழுந்ததும் சில பிளான்கள் டிடக்டிபிளைக் காட்டும், சில பிளான்கள் முழுதாகக் கட்டும். உங்கள் பிளான் எது என்று போன் பண்ணிக் கேட்டால்தான் தெரியும்.

ஒரு விஷயம்: முதல் சந்திப்பில் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள், வயிறு உப்புசம் உண்டா, மலச்சிக்கல் உண்டா, நெஞ்செரிச்சல் உண்டா என்று வரிசையாகக் கட்டங்கள். நான் உப்புசத்தில் ஒரு டிக் போட்டேன். சாம்பார் சாப்பிடுகிற எந்த வயிற்றில் வாயு இல்லை? அந்த ஒரு டிக் ஆர் 14.0 என்ற கோடாக மாறி என் ஃபைலில் ஏறிவிட்டது. அதற்காக உண்மையான தொந்தரவை மறைக்காதீர்கள், ரத்தம் போவதை மறைத்து 2,000 டாலர் மிச்சம் பிடிப்பது முட்டாள்தனம். ஆனால் எப்போதாவது வரும் வாயுவுக்காகவா இங்கே வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டால், "இல்லை, வயது காரணமாக ஸ்கிரீனிங்குக்கு வந்தேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், அவர் எழுதும் குறிப்பில் 'காரணம்' என்ற வரியில் அது வர வேண்டும்.

2. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கோடுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

டாக்டரோ சென்டரோ இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்புவது கிளெய்ம், ஒவ்வொரு கிளெய்மிலும் இரண்டு வகைக் கோடு இருக்கும். என்ன செய்தார்கள் என்பதற்கு சி.பி.டி., ஐந்து இலக்கம். ஏன் செய்தார்கள் என்பதற்கு ஐ.சி.டி., ஒரு எழுத்தில் தொடங்கும். பணத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவது, ஆனால் நாம் பில்லில் பார்ப்பது முதலாவதை மட்டும்.

கோலனோஸ்கோபிக்கு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். உள்ளே பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் வந்தால் 45378. சின்னதாகக் கிள்ளி பயாப்ஸி எடுத்தால் 45380. கம்பி வளையம் போட்டு பாலிப்பை அறுத்து எடுத்தால் 45385. சோதனைக்கு முன் இதில் எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் மூன்றையுமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனிங்குக்கான ஐ.சி.டி. கோடு இசட் 12.11. அப்புறம் 33 என்ற மாடிஃபயர், அதாவது சி.பி.டி. எண்ணுக்குப் பின்னால் ஒட்டும் இரண்டு இலக்கம், 'இது தடுப்பு மருத்துவம்' என்று இன்சூரன்ஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். மெடிகேரில் உள்ளவர்களுக்கு ஸ்கிரீனிங்கில் பாலிப் எடுத்தால் 33-க்குப் பதில் பி.டி. என்று வரும்.

போனில் பேசும்போது 'இசட்' என்று சொல்லாதீர்கள், 'ஜீ' என்று சொல்லுங்கள். நான் 'இசட் டுவெல்வ்' என்று மூன்று முறை சொல்லி, எதிர்முனையில் இருந்த அம்மா "உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

3. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன், ஒரு நோட்டு

கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு அழைத்து, "கோலனோஸ்கோபி கவர் ஆகுமா?" என்று கேட்காதீர்கள். ஆகும் என்றுதான் பதில் வரும், கவர் ஆகும் என்றால் உங்கள் டிடக்டிபிளுக்குப் பிறகு கவர் ஆகும் என்று அர்த்தம். நான் இதில்தான் விழுந்தேன். கேட்க வேண்டியது இப்படி: 45378, 45380, 45385 மூன்றும், மாடிஃபயர் 33-ஓடு, முதல் டயக்னாசிஸ் இசட் 12.11 என்று வந்தால், பிரிவென்டிவ் (தடுப்பு மருத்துவ) பலனில் நான் கட்ட வேண்டியது எவ்வளவு? நடுவில் பாலிப் எடுத்தால் அது மாறுமா?

மாறாது என்பதுதான் சட்டம். ஸ்கிரீனிங்கின் நடுவே பாலிப் எடுப்பது ஸ்கிரீனிங்கின் ஒரு பகுதி, அதற்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது என்று மத்திய அரசு 2013-லேயே தெளிவுபடுத்திவிட்டது. மயக்க மருந்து, எடுத்த பாலிப்பின் பேத்தாலஜி, முன்பாக டாக்டரைப் பார்ப்பது, டாக்டர் எழுதிக்கொடுக்கும் வயிற்றைக் காலி செய்யும் மருந்து, இவையும் இதில் அடங்கும் என்று பின்னால் 2015, 2016-இல் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். அந்த மருந்துக்கு ஃபார்மசியில் பணம் கேட்டால் உடனே கட்டிவிடாமல் இன்சூரன்ஸுக்கு ஒரு வார்த்தை கேளுங்கள்.

பேசிய தேதி, பேசியவரின் பெயர், கால் ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் எழுதுங்கள். என் முதல் போனுக்கு ரெஃபரன்ஸ் எண் வாங்கவில்லை, பிறகு நான் பேசியதற்கே ஆதாரம் இல்லாமல் போனது.

கடைசிக் கேள்வி, எந்த இடத்தில் செய்யப்போகிறார்கள், அந்த இடம் இன்-நெட்வொர்க்கா? டாக்டர் நெட்வொர்க்கில் இருப்பார், சென்டர் இருக்காது. டயக்னாஸ்டிக் சோதனை என்றால் இடம் இன்னும் முக்கியம், ஆஸ்பத்திரியின் அவுட்பேஷண்ட் பிரிவில் செய்வதைவிடத் தனி சர்ஜரி சென்டரில் செய்வது பொதுவாகக் குறைவாக வரும். ஆஸ்பத்திரிகள் தங்கள் விலைப்பட்டியலை 2021 ஜனவரியிலிருந்து வெளியிட வேண்டும், ஆனால் அந்த விதி தனி சென்டர்களுக்குக் கிடையாது, அங்கே போன் பண்ணித்தான் கேட்க வேண்டும்.

4. ஒரு சோதனைக்கு நாலு பில் வரும், பயப்பட வேண்டாம்

சென்டர், டாக்டர், அனஸ்தீசியா, பேத்தாலஜி. நாலும் நாலு கம்பெனி. ஒருவர் தப்பைத் திருத்தினால் மற்ற மூவருக்கும் அது தெரியாது. சென்டரும் டாக்டரும் ஒரே 45385-ஐப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து ஒரே வேலைக்கு இரண்டு முறை பில் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒன்று இடத்துக்கு, ஒன்று கைக்கு.

அனஸ்தீசியாவில் ஸ்கிரீனிங் என்றால் 00812 வர வேண்டும், உள்ளே பாலிப் கிடைத்தாலும் அதேதான் (மெடிகேரில் மட்டும் வேறு முறை). 00811 என்று வந்தால் அது சாதாரணக் குடல் எண்டோஸ்கோபிக்கானது, பிரிவென்டிவ் இல்லை. பேத்தாலஜியில் பெரும்பாலும் 88305. இரண்டு மூன்று பாலிப்பைத் தனித்தனிக் குப்பியில் போட்டு அனுப்பியிருந்தால் அதே எண் இரண்டு மூன்று முறை வரும், அது தப்பு இல்லை.

மயக்க மருந்து கொடுத்தவரோ லேபோ நெட்வொர்க்குக்கு வெளியே இருந்தால்? 2022 ஜனவரி 1 முதல் 'நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்' இருக்கிறது. இன்-நெட்வொர்க் ஆஸ்பத்திரி அல்லது சர்ஜரி சென்டரில் சோதனை நடந்தால், அங்கே வந்த அனஸ்தீசியா டாக்டரும் பேத்தாலஜி டாக்டரும் இன்-நெட்வொர்க் கணக்குக்கு மேல் உங்களிடம் கேட்க முடியாது. அந்தப் பெயரைச் சொன்னாலே பாதி பில்லிங் ஆபீஸ் குரல் மாறும்.

5. இ.ஓ.பி. வரும் வரை எதுவும் கட்டாதீர்கள்

சோதனை நாள் காலையில், வெறும் வயிறோடு, இரவெல்லாம் பாத்ரூமில் கழித்த களைப்போடு நிற்கும்போது ரிசப்ஷனில், "எஸ்டிமேட்படி 400 டாலர், கார்டு கொடுங்கள்" என்று கேட்கலாம். ஸ்கிரீனிங் என்றால், "இன்சூரன்ஸ் முடிவு வந்த பிறகு கட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கட்டிவிட்டால் திரும்ப வாங்குவது தனி வேலை.

இ.ஓ.பி. என்பது இன்சூரன்ஸ் அனுப்பும் கணக்கு. 'இது பில் அல்ல' என்று அதிலேயே இருக்கும். புதிதாக வந்தவர்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பணம் அனுப்பப் பார்ப்பார்கள். எனக்கு சோதனை முடிந்து மூன்று வாரத்துக்குள் நாலும் போர்ட்டலில் வந்துவிட்டன. அதில் பார்க்க வேண்டிய கட்டம் ஒன்றுதான், 'நீங்கள் கட்ட வேண்டியது'. அதில் பூஜ்யம் இல்லையென்றால் காரணக் குறிப்பைப் பாருங்கள். பி.ஆர். 1 என்றால் டிடக்டிபிள், பி.ஆர். 2 கோ-இன்சூரன்ஸ் (செலவில் உங்கள் சதவீதப் பங்கு), பி.ஆர். 3 கோபே. சி.ஓ. 45 என்பது ஒப்பந்தப்படி கழித்த தொகை, அதை உங்களிடம் கேட்கக் கூடாது.

6. கிளெய்ம் ஃபாரத்தின் நகலைக் கேளுங்கள், ஐட்டமைஸ்டு பில் போதாது

எல்லோரும் ஐட்டமைஸ்டு பில், அதாவது ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிய பில், கேளுங்கள் என்பார்கள். கேட்டேன், வந்தது, அதில் 45385 இருந்தது, டயக்னாசிஸும் இல்லை மாடிஃபயரும் இல்லை. தப்பு இருந்த இடமே அதில் இல்லை. இரண்டு வாரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் சித்தி பெண்ணுக்கு வாட்ஸ்அப் பண்ணினேன். பெயர், பிறந்த தேதி, மெம்பர் ஐடி எல்லாவற்றையும் மறைத்து ஃபோட்டோ அனுப்பினேன். அங்கே அவளுக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம்.

"அண்ணா, இது வேண்டாம். டாக்டர் கிளெய்முக்கு சி.எம்.எஸ். 1500னு ஒரு ஃபாரம், ஃபெசிலிட்டிக்கு யு.பி. 04. அந்த ரெண்டையும் கேட்டு வாங்குங்க. 1500-ல 21-ஆவது கட்டத்துல முதல்ல என்ன இருக்குன்னு பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். 21-ஆவது கட்டத்தில் ஏ என்ற இடத்தில் டி 12.5, அதாவது பெருங்குடலின் கடைசி வளைவில் புற்றுநோய் அல்லாத கட்டி. பி-யில் ஆர் 14.0, நான் டிக் போட்ட அந்த உப்புசம். இசட் 12.11 எங்கேயும் இல்லை. 45385-க்குப் பக்கத்தில் மாடிஃபயர் கட்டம் காலி.

"அவ்வளவுதான் அண்ணா. ஸ்கிரீனிங்னா இசட் கோடுதான் முதல்ல வரணும். கண்டுபிடிச்சது ரெண்டாவது. இது கைடுலைன்லயே இருக்கு, எங்களுக்கு முதல் வாரத்துலயே சொல்லிக்கொடுப்பாங்க."

இந்த நகலை பில்லிங் ஆபீஸ் தரத் தயங்கினால், ஹிப்பா என்ற நோயாளித் தகவல் சட்டப்படி உங்கள் பில்லிங் பதிவும் உங்கள் மருத்துவப் பதிவில் சேர்ந்தது, 30 நாளுக்குள் தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கூடவே டாக்டரின் புரொசீஜர் ரிப்போர்ட்டையும் பேத்தாலஜி ரிப்போர்ட்டையும் போர்ட்டலில் இருந்து இறக்கிவிடுங்கள். புரொசீஜர் ரிப்போர்ட்டில் 'இன்டிகேஷன்' என்ற வரி உங்கள் மொத்த வழக்குக்கும் சாட்சி. என்னுடையதில் 'பெருங்குடல் புற்றுநோய் ஸ்கிரீனிங்' என்றுதான் இருந்தது.

7. கோடு திருத்தம் கேட்பது

இன்சூரன்ஸில் உள்ளவரிடம் எவ்வளவு கத்தினாலும் அவரால் கோடு மாற்ற முடியாது. மாற்ற முடிந்தவர் கிளெய்மை அனுப்பியவர் மட்டும். நான் முதல் ஒரு மாதம் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டரின் பில்லிங் ஆபீஸுக்குப் போர்ட்டல் வழியாகவோ கடிதமாகவோ எழுதுங்கள், போன் மட்டும் போதாது. 'கோடிங் ரிவ்யூ', 'கரெக்டட் கிளெய்ம்' இந்த இரண்டு சொற்களும் அதில் இருக்கட்டும். "பில் அநியாயமாக இருக்கிறது" என்று எழுதினால் தள்ளுபடி பிரிவுக்குப் போய், மாதத் தவணை வேண்டுமா என்று கேட்பார்கள். எனக்கு அப்படித்தான் வந்தது, மாதம் 97 டாலர் வீதம் 24 மாதம். நான் எழுதியது சுருக்கமாக இதுதான்: இந்தத் தேதியில் நடந்தது ஸ்கிரீனிங், ரிப்போர்ட்டின் இன்டிகேஷன் வரியைப் பாருங்கள், ஐ.சி.டி. வழிகாட்டு விதிப்படி ஸ்கிரீனிங் கோடு முதலிலும் கண்டுபிடிப்பு அடுத்தும் வர வேண்டும், இசட் 12.11-ஐ முதலில் வைத்து, 45385-க்கு 33 சேர்த்து, கரெக்டட் கிளெய்ம் அனுப்புங்கள். முடிவு வரும் வரை என் கணக்கை ஹோல்டில் வைத்து எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

ஹோல்ட் முக்கியம். அது இல்லாவிட்டால் ஒரு பக்கம் ரிவ்யூ நடக்கும், இன்னொரு பக்கம் கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போய்விடும். போய்விட்டாலும் உடனே கிரெடிட் ஸ்கோர் கவிழாது, மூன்று கிரெடிட் நிறுவனங்களும் மருத்துவக் கடனை ஒரு வருஷம் வரை காட்டுவதில்லை, 500 டாலருக்குக் குறைவானதைக் காட்டுவதே இல்லை. ஆனாலும் அந்த போன் கால்கள் தூக்கத்தைக் கெடுக்கும்.

டாக்டர் ஆபீஸில் திருத்திய கிளெய்ம் போக ஐந்து வாரம். இன்சூரன்ஸ் அதைப் பார்க்க இன்னும் நாலு வாரம். புது இ.ஓ.பி.-யில் பூஜ்யம் வந்ததும் அதையே நகலெடுத்து சென்டருக்கும் அனஸ்தீசியாவுக்கும் லேபுக்கும் அனுப்பினேன், அதன் பிறகு அவர்களிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. முதலில் ஒருவரை மட்டும் பிடித்துச் சரிசெய்துவிட்டு அதை வைத்து மற்றவர்களை மடக்குங்கள், நாலு பேரோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டாம்.

8. பில்லிங் ஆபீஸ் மறுத்தால் அப்பீல்

கோடு சரியாக இருந்தும் இன்சூரன்ஸ் கட்டவில்லை, அல்லது பில்லிங் ஆபீஸ் திருத்த மறுக்கிறது என்றால் இன்சூரன்ஸிடம் இன்டர்னல் அப்பீல். மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம், நாள்காட்டியில் குறித்து வையுங்கள், பில்லிங் ஆபீஸ் "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று இந்த 180 நாளைத் தின்றுவிடும். ஏற்கெனவே முடிந்த சோதனை என்றால் அவர்கள் பதில் சொல்ல 60 நாள் வரை எடுக்கலாம். அதிலும் தோற்றால், பல வகை மறுப்புகளுக்கு நாலு மாதத்துக்குள் எக்ஸ்டர்னல் ரிவ்யூ கேட்கலாம், கம்பெனிக்கு வெளியே உள்ளவர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள்.

புகார் எங்கே என்பது உங்கள் பிளானைப் பொறுத்தது. கம்பெனியே பணம் போட்டு நடத்தும் செல்ஃப்-ஃபண்டட் பிளான் என்றால் மத்திய தொழிலாளர் துறையின் எப்சா பிரிவு. இல்லையென்றால் மாநில இன்சூரன்ஸ் துறை. எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டால் எது என்று சொல்லிவிடுவார்கள், செல்ஃப்-ஃபண்டட் என்றால் சில நேரம் எச்.ஆரே இன்சூரன்ஸை அழைத்து முடித்தும் விடுவார்கள்.

9. மற்ற சோதனைகளில் உள்ள பொறிகள்

வீட்டிலேயே செய்யும் மலச் சோதனை: எஃப்.ஐ.டி. 82274, வருஷத்துக்கு ஒரு முறை. கோலோகார்ட் 81528, மூன்று வருஷம் வரை போதும். இரண்டும் ஸ்கிரீனிங்தான். இதில் பாசிட்டிவ் வந்து கோலனோஸ்கோபிக்குப் போனால் அதுவும் இலவசம், 2022 மே 31 முதல் தொடங்கிய பிளான் வருஷங்களுக்கு இது விதி. ஆனால் கிளெய்மில் ஆர் 19.5, அதாவது மலச் சோதனையில் மாற்றம், என்று மட்டும் போட்டு, இசட் 12.11 இல்லாமல் அனுப்பிவிடுவார்கள், அப்போது அது டயக்னாஸ்டிக் ஆகிவிடும். சோதனைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

வயிறு சரியாகச் சுத்தமாகாமல் பாதியில் நிறுத்தினால், டாக்டரின் கிளெய்மில் 53 மாடிஃபயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பத்து வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கும் ஸ்கிரீனிங் தீர்ந்துவிட்டதாக இன்சூரன்ஸ் கணக்கு வைக்கும், அடுத்த மாதம் திரும்பச் செய்வது உங்கள் செலவு.

நெஞ்செரிச்சலுக்கு மேல்பக்க எண்டோஸ்கோபி 43235, பயாப்ஸி எடுத்தால் 43239. இது சாதாரணமாகப் பிரிவென்டிவ் ஆகாது. "அதான் மயக்கம் கொடுக்கிறோமே, மேலேயும் ஒரு தடவை பார்த்துவிடுவோம்" என்று டாக்டர் ஒரே நாளில் இரண்டையும் செய்யச் சொல்வார். மருத்துவரீதியாக வசதிதான், ஒரு நாள் லீவு மிச்சம். ஆனால் அனஸ்தீசியா அப்போது 00813 ஆகிவிடும், அதை ஸ்கிரீனிங்கில் சேர்க்க வைப்பது கஷ்டம். எவ்வளவு வரும் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எச். பைலோரி என்ற வயிற்றுக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையில் இரண்டு எண் சேர்ந்து வரும், 83014 மருந்து கொடுப்பதற்கு, 83013 மூச்சைப் பரிசோதிப்பதற்கு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தியிருக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக் என்றால் நாலு வாரம். எப்படி நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். நிறுத்தாமல் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம், திரும்ப ஒரு முறை, திரும்ப ஒரு பில். கேமரா உள்ள மாத்திரையை விழுங்கும் கேப்சூல் எண்டோஸ்கோபி 91110, உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி 91010, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் 91200. கேப்சூலுக்கு முன் அனுமதி கேட்கும் பிளான்கள் உண்டு, அந்த அனுமதி எண் கையில் இல்லாமல் விழுங்காதீர்கள்.

மேல்பக்க எண்டோஸ்கோபியிலிருந்து இதுவரை சொன்னவை எல்லாம் டயக்னாஸ்டிக். அவசரம் இல்லை என்று டாக்டர் சொன்னால், அந்த வருஷ டிடக்டிபிள் ஏற்கெனவே வேறு வழியில் தீர்ந்திருக்கும் மாதத்தில் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான பிளான்களில் ஜனவரியில் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

10. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு

விசிட்டர் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஸ்கிரீனிங்கைத் தொடாது. அவசரம் இல்லாத எதையும் ஊரிலேயே செய்துகொள்வதுதான் நல்லது, இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. இங்கே செய்தே ஆக வேண்டும், கையிலிருந்து கட்டப்போகிறீர்கள் என்றால், 'குட் ஃபெய்த் எஸ்டிமேட்' எழுத்தில் கேளுங்கள். சோதனை நாளுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பு பதிவு செய்திருந்தால் அதை அவர்கள் தந்தாக வேண்டும். பிறகு வரும் பில் அதைவிட 400 டாலரோ மேலேயோ அதிகமாக இருந்தால், பில் தேதியிலிருந்து 120 நாளுக்குள் அரசிடம் தகராறு மனு போடலாம். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரி என்றால் ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ் மனுவும் உண்டு, முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை ஏற்க வேண்டும். வருமான ஆதாரமும் வரி ரிட்டர்னும் கேட்பார்கள், விசிட்டர்களுக்குத் தருவார்களா என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு.

என் கேஸில் கடைசியாக அடங்கியது அந்த 140 டாலர் லேப் பில்தான், ஜூலை இரண்டாம் வாரம். பேத்தாலஜி ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிப் போடாமல் ஃபைலில் வைத்திருக்கிறேன். எடுத்த பாலிப் எந்த வகை, எவ்வளவு பெரியது என்று அதில்தான் இருக்கிறது. டாக்டர் அடுத்ததை ஏழு வருஷம் கழித்து என்று எழுதியிருக்கிறார், அது சர்வைலன்ஸ், அந்த இசட் 86.010 கதை. அப்போது எந்த வேலையில், எந்த இன்சூரன்ஸில் இருப்பேனோ, அப்பாயின்ட்மென்ட் போடும் முன் முதல் போன் அவர்களுக்குத்தான்.